நான் பார்த்து வைத்த ஏரிக்கரை

ஓர் ஊரைத் தனியாகப் போய்ப் பார்ப்பவனுக்கு அந்த ஊர் ஒரு முகத்தைக் காட்டும். அவனே தாய் தந்தை, மனைவி, தண்ணீர்க் கூஜா, ஊறுகாய் ஜாடி சகிதம் போய் இறங்கினால் வேறொரு முகத்தைக் காட்டும். இதில் ஊரின்மேல் குற்றமில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் மனிதர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். இந்த உண்மை எனக்கு இருபத்துநாலு வயதில் தெரிந்திருந்தால், ஆலங்கரணை என்ற கிராமத்தின் சரித்திரம் வேறு விதமாகப் போயிருக்கும். என் சரித்திரமும்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் கடற்கரைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணமாகி முதல் கோடை. மனைவி கமலாவுக்கு என்னைப் பற்றி இன்னும் நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் அது.

அப்பா மவுண்ட் ரோடில் ஓர் அச்சாபீஸில் ப்ரூஃப் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய பென்சில் ஓய்வு பெறவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஒற்றுப் பிழை, சந்திப் பிழை எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் தம் இனிஷியலையும் போட்டுவிட்டுத்தான் செய்தியைப் படிக்க ஆரம்பிப்பார். (யுத்தம் முடிந்ததை எங்களுக்கு அவர் தெரிவித்த விதம்: “சரணாகதிக்கு ரெண்டு சுழி ‘ன’ போட்டிருக்கான் பார்.”)

வழக்கமாகக் கோடைக்குக் கும்பகோணத்தில் மாமா வீட்டுக்குப் போவோம். அந்த வருஷம் மாமாவை நெல்லூருக்கு மாற்றிவிட்டார்கள். நெல்லூர் வெயிலுக்கு மயிலாப்பூர் வெயிலே தேவலை என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மானேஜர் துரையின் மேசையில் ஒரு போட்டோ இருந்தது. ஏரிக்கரை, ஒரு கூடாரம், மடக்கு நாற்காலியில் துரை, பக்கத்தில் துரைசானி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். அந்தப் படத்தில் நாய்கூடத் திருப்தியாக இருந்தது. துரை என்னைத் திட்டும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடிக்கடி பார்க்கும்படி நேர்ந்ததால் அது என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன்.

“இந்த வருஷம் நாம ஏரிக்கரையில கேம்ப் போடலாம்னு இருக்கேன்.”

சாதம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “ஏண்டா, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா?”

“இல்லேம்மா. வெள்ளைக்காரா வருஷா வருஷம் இப்படிப் பண்றா. கூடாரம் அடிச்சு, காத்து வாங்கிண்டு…”

“அவாளுக்கு வீடு இல்லையோ?”

“இருக்கு. அதைப் பூட்டிண்டு போய் அங்கே தங்கறா.”

அம்மா நிறுத்திய கையால் மறுபடி சாதம் போட்டாள். “பாவம்” என்றாள்.

அப்பா, “கேம்ப்னா தமிழ்ல முகாம். நிறையப் பேர் அதுக்கு நெடில் போட்டு மூகாம்னு எழுதறா” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கமலா மட்டும் பிற்பாடு, “அங்கே குளிக்கிறதுக்கு மறைவா எடம் இருக்குமோ?” என்று கேட்டாள்.

“ஏரியே இருக்கும்போது குளிக்கிறதுக்கு என்ன?” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்பது இப்போது தெரிகிறது.

இடம் தேடுவதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. கிண்டியில் மரமும் நிழலும் உண்டு, ஏரி இல்லை. போதாததற்குக் குதிரைப் பந்தயம் உண்டு. (அப்பாவுக்குக் குதிரைகளின் பேர்களை அச்சடிக்கும் விதம் பிடிக்காது.) பாலவாக்கத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் உப்புத் தண்ணீரில் அம்மா பருப்பு வேகவைக்க மாட்டாள். செங்குன்றம் ஏரி பட்டணத்துக்கே குடிதண்ணீர்; அதில் என் குடும்பம் இறங்கிக் குளித்தால் பட்டணமே சும்மா இருக்காது. கடைசியில் ஆபீஸில் யாரோ, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஆலங்கரணையில் அருமையான ஏரி இருப்பதாகச் சொன்னார்கள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தாம்பரம் வரை மின்சார ரயில், அங்கிருந்து வாடகை சைக்கிள். போட்டோவில் துரை போட்டிருந்த மாதிரியே காக்கி அரை நிஜார், தலையில் இரவல் தொப்பி, பையில் அளவு நாடா. அந்தக் கோலத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஊராருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல.

ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கொக்கும் நாரையுமாகக் கரையெல்லாம் வெள்ளை. பக்கத்திலேயே பெரிய இலுப்பைத் தோப்பு. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தோப்பை நாடாவால் அளந்துகொண்டிருந்தபோது, தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வேகமாக வந்தார். ஊர் மணியக்காரர்.

“இன்னாங்க சாமி, இன்னா வேணும்?”

“கேம்ப் போடறதுக்கு இடம் பார்க்க வந்திருக்கேன்.”

உடனே அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். (ஆபீஸில் எனக்கு யாரும் அப்படி மரியாதை காட்டியதில்லை. அதனால் அதற்குக் காரணம் என்ன என்று நான் ஆராயவில்லை. மரியாதையை ஆராயக்கூடாது.)

“கேம்ப்புங்களா! வாங்க, வாங்க. எப்பவும் போடற எடம் இதே தோப்புதாங்க. இந்த வருசம் இம்மாம் சீக்கிரமா பாக்க வந்துட்டீங்களே!”

“இங்கே வழக்கமாப் போடுவாளா?”

“வருசா வருசம் போடுவாங்க சாமி.”

பட்டணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இத்தனை ரசனையுள்ள குடும்பங்கள் இருக்கின்றனவா என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“பெரியவரு எப்பங்க வராரு?” என்று கேட்டார்.

முன்பின் தெரியாத என் அப்பாவைக்கூட விசாரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். “மே மாசம் மொதல் வாரம் அழைச்சிண்டு வரேன். அப்பவும் ஏரி இதே மாதிரி இருக்குமோல்லியோ?”

“ஏரி எங்க சாமி பூடப்போவுது?” என்றார் மணியக்காரர்.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அவர் சொன்னது சத்தியம். ஏரி எங்கேயும் போகவில்லை.

அடுத்தது கூடாரம். ராயப்பேட்டையில் பந்தல், சாமியானா வாடகைக்கு விடும் ஒரு பாய் கடைக்குப் போனேன். கடை முழுக்கக் கல்யாணத்துக்கான ஜிகினாத் துணிகள். பாய் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப விசேசம் ஒண்ணும் இல்ல?”

“இல்ல பாய். சும்மா தங்கறதுக்கு.”

“சும்மா தங்கறதுக்கா?” என்று ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய், பெரிய வெள்ளைத் துணி மூட்டை ஒன்றைத் தட்டிக் காட்டினார். “இது ஒண்ணுதான் கீது தம்பி. பெரிய ஆபீசருங்க ஜில்லா சுத்தறப்ப எடுத்துக்கினு போற சரக்கு. மேசை, நாற்காலி, உள்ளாற திரை, அல்லாம் செட்டு. பிரிச்சுக் குடுக்கமாட்டேன்.”

அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்க மேசை நாற்காலி சௌகரியமாக இருக்கும் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டேன். முதல் நாளே வண்டியில் ஆள் வைத்து அனுப்பிவிடுவதாகப் பாய் சொன்னார். அப்படியே செய்தார். இந்தக் கதையில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே மனிதர் அவர்தான்.

மே மாதம் வந்தது. ஜட்காவில் மாம்பலம் ஸ்டேஷன், ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டி ஊருக்குள் திரும்பும்போதே தூரத்தில் இலுப்பை மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. பக்கத்தில் போகப் போக எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோப்பைச் சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வாசலில் கோலம். புதுப் பானைகளில் தண்ணீர். ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள்.

“பார்த்தியா கமலா? இதுக்குத்தான் ஒருத்தன் முன்னாடியே போய் எடம் பார்க்கணும்கிறது” என்றேன்.

வண்டியிலிருந்து அப்பா இறங்கினார். வெளியூர் என்பதால் அல்பாகா கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கையில் குடை வைத்திருந்தார். அச்சாபீஸில் முப்பது வருஷம் பிழை தேடினவர் முகத்தில் நிரந்தரமாக ஒரு சந்தேகம் குடிவந்துவிடும். பெரிய அதிகாரிகள் முகத்திலும் அதே சந்தேகம்தான் இருக்கும். மணியக்காரர் முன்னால் வந்து எலுமிச்சம்பழம் கொடுத்து, மாலை போட்டார். அப்பா மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்முடைய பணி ஓய்வு விழாவில் அச்சாபீஸ்காரர்கள் போட மறந்த மாலை இவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

கமலா என் சட்டையை இழுத்தாள். “ஏன்னா, ஏரி எங்கே?”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நான் கடைசியாகக் கொக்குகளைப் பார்த்த இடத்தில் வெள்ளரிக் கொடி படர்ந்திருந்தது. அதற்கு அப்பால் பாளம் பாளமாக வெடித்த மண். அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெகு தூரத்தில், கீழே விழுந்த கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ ஒன்று பளபளத்தது.

மணியக்காரரைக் கூப்பிட்டேன். “ஏரி எங்கே?”

“இதாங்க ஏரி.”

“தண்ணி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அதப் பத்திதாங்க சாமி பேசணும்னு ஊரே காத்துக்கினு கீது.”

தண்ணீர் இல்லாததற்காக ஊரே வருத்தப்படுகிறதே, விருந்தாளிகள்மேல் எவ்வளவு அக்கறை என்று அப்போதும் நினைத்தேன். அதற்குள் வண்டிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. சாதாரணமாக அம்மா கத்தமாட்டாள். போய்ப் பார்த்தால், கூடார முளையில் காலைக் கட்டிய இரண்டு கோழிகள். பக்கத்தில் ஓலைக் கூடையில் ஏரியின் கடைசி மீன்கள், இன்னும் துள்ளிக்கொண்டு.

“போன தபா வந்தவரு கேட்டு வாங்கினாருங்களே!” என்று மணியக்காரர் கையைப் பிசைந்தார்.

“எடுத்துண்டு போகச் சொல்லுடா! நான் வண்டியை விட்டு இறங்கமாட்டேன்” என்றாள் அம்மா. சொன்னபடி, கோழிகள் கண்ணுக்கு மறைந்து, அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, பதிலுக்குப் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஒரு குடம் பாலும் வந்த பிறகுதான் இறங்கினாள். “ஊர் ஜனங்க ரொம்ப நல்லவாளா இருக்கா. நமக்கு எதுக்குடா இதெல்லாம் தரா?” என்று கேட்டாள். நான் கிராமத்துப் பண்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

மறுநாள் விடிந்ததும், துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு நானும் கமலாவும் அந்தக் கண்ணாடித் துண்டைத் தேடிப் புறப்பட்டோம். வெள்ளரித் தோட்டம் தாண்டி, வெடித்த மண்ணில் நெடுநேரம் நடந்தோம். மணி எட்டுக்கே வெயில் முதுகைச் சுட்டது. தண்ணீரை அடைந்தபோது அதில் எருமைகள் படுத்திருந்தன. எங்களுக்கு இடம் விடலாமா என்று யோசிப்பதுபோல் ஓர் எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று முடிவு செய்து மறுபடி படுத்தது. திரும்பி நடந்தோம். அவள் பேசாமல் நடந்த அந்த நடைதான் என் இல்லற வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான நடை.

தோப்பில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். கூடாரத்து வாசலில் மேசை. மேசைக்குப் பின்னால் அப்பா. ஒருவர் பின் ஒருவராகக் காகிதத்தை நீட்ட, அப்பா வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

எப்படி ஆரம்பித்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். காலையில் அப்பா பழைய பேப்பரை வைத்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருவன் வந்து கும்பிட்டு ஒரு மனுவை மேசைமேல் வைத்திருக்கிறான். எழுத்துள்ள காகிதம் எதையும் அப்பா படிக்காமல் விட்டதில்லை. படித்துவிட்டுத் திருத்தாமல் விட்டதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கனம் பொருந்தியங்கிறதுக்கு மூணு சுழி ‘ண’ போட்டிருக்கே. அப்படிப் போட்டா க்ஷண நேரம்னு அர்த்தம் ஆயிடும். ரெண்டு சுழிதான்.”

“ஒண்ணு கொறைச்சிக்கிறோம் சாமி” என்றான் அவன் பணிவாக.

அப்பா திருத்தி, ஓரத்தில் இனிஷியல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அடுத்து ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மனுவை வைத்தார்கள். அப்பாவின் புருவம் உயர்ந்தது.

“‘மேற்படி ஏரியின் கீழ் மதகை உடனே உடைத்துத் தரும்படி’… ஏன் உடைக்கணும்?”

“உடைக்கிறதா? ஐயையோ, அடைக்கணும் சாமி!” என்று நாலு பேரும் ஒரே சமயத்தில் அலறினார்கள். “கீழ் மதகுல ஓட்டை. ராவும் பகலும் ஒழுகி, சித்திரைக்குள்ள ஏரி வத்திப்பூடுது. வருசா வருசம் மனு குடுத்துக்கினுதான் கீறோம். வர்ற ஆபீசருங்க படிச்சிட்டு எங்களத்தான் திட்டறாங்க.”

“திட்டாம? ஏரியை உடைச்சுக் கொடுன்னு எழுதிக் கொடுத்தா?”

தாம்பரத்தில் மனு எழுதுகிறவர் எப்போதோ ஒரு தடவை ‘அ’வுக்குப் பதில் ‘உ’ போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பழைய மனுவைப் பார்த்தே புது மனு எழுதியிருக்கிறார்கள். அப்பா ‘உ’வை அடித்து ‘அ’ போட்டார். ஓரத்தில் இனிஷியல். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து கடைசிவரை போயிற்று. “கையெழுத்தே போட்டுட்டாருடா!”

கமலா நனையாத துண்டைத் தோளில் போட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பட்டிக்காட்டில் வளர்ந்தவள்.

“ஏன்னா, அன்னிக்கு எடம் பார்க்க வந்தேளே, இவாகிட்ட என்னன்னு சொன்னேள்?”

“கேம்ப் போடப்போறோம்னு சொன்னேன்.”

“கிராமத்துல கேம்ப்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமோ?”

“என்ன?”

“ஜமாபந்தி. கோடையில சர்க்கார் அதிகாரி வந்து கூடாரம் அடிச்சு உக்காந்து, ஊர்க் கணக்குப் பார்த்து மனு வாங்கறது. இவா உங்களைக் கேம்ப் கிளார்க்னு நெனச்சிருக்கா. உங்கப்பா இப்போ டிப்டி கலெக்டர்.”

இலுப்பை மரங்கள் ஒருமுறை சுற்றி நின்றன. அதிகாரி மாதிரி நடிப்பது ஜெயில் குற்றம் என்று எனக்குத் தெரியும். அப்பா ஏற்கெனவே முப்பது காகிதங்களுக்குமேல் கையெழுத்துப் போட்டிருந்தார். என் உத்தியோகம் போகும், அப்பா ஜெயிலுக்குப் போவார், அங்கே சுவரில் எழுதியிருப்பதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டிக்கொள்வார். ஓடிப்போய் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றேன்.

“எல்லாரும் கேளுங்கோ! நாங்க அதிகாரி இல்லை. சும்மா ஏரிக்காத்து வாங்கலாம்னு வந்தோம்!”

கூட்டம் மரியாதையாகக் கேட்டது. மணியக்காரர் புன்னகை செய்தார்.

“சும்மாவா சாமி? மயிலாப்பூர்லேர்ந்தா? இந்த வெயில்லயா? இந்த ஏரிக்கா?”

ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. கூட்டத்தில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், “ரகசியமா விசாரிக்க வந்துகீறாரு. வெளிய சொல்லமாட்டாங்க” என்றான். இதைக் கேட்டதும், அதுவரை வீட்டிலேயே இருந்தவர்களும் மனுவை எடுத்துவர ஓடினார்கள். வரிசை இன்னும் நீண்டது. நான் கல்லிலிருந்து இறங்கினேன்.

அன்று மத்தியானமே நிஜமான கேம்ப் வந்து சேர்ந்தது. முதலில் இரண்டு பார வண்டிகள். அப்புறம் டவாலி போட்ட சேவகன். அவனுக்குப் பின்னால் காக்கி நிஜார், தொப்பி, கையில் அளவு நாடாவோடு ஒல்லியாக ஒருவர். ஊரார் அவரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு புழுதி படிந்த காரிலிருந்து, வியர்த்து வழிந்தபடி டிப்டி கலெக்டர் இறங்கினார். மணியக்காரர் இன்னொரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நடுவழியில் நின்றுவிட்டார்.

“சர்க்கார் தோப்புல யார் கூடாரம் அடிச்சது?” என்றார் அதிகாரி.

நான் சல்யூட் அடித்ததாகக் கமலா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை. அப்பா எழுந்திருக்கவில்லை. “ஒரு நிமிஷம். இந்த வாக்கியத்தை முடிச்சுடறேன்” என்றார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“யார் சார் நீங்க?”

“ப்ரூஃப் ரீடர். ரிடையர்டு.”

“இங்கே உங்களுக்கு என்ன வேலை?”

“பையன் ஏரிக்கரையில தங்கலாம்னு அழைச்சிண்டு வந்தான்.”

அதிகாரி திரும்பி, வெள்ளரித் தோட்டத்தையும் ஆடுகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எந்த ஏரி?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை மேசைமேலிருந்த மனுக்களின்மேல் போயிற்று. ஒன்றைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். மூன்றாவதை எடுத்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அடைக்கவா?” என்றார்.

“அடைக்கத்தாங்க” என்றார் மணியக்காரர்.

“போன வருஷம் கேம்ப் முடிஞ்சப்புறம் சார்ஜ் எடுத்தப்போ இதைப் படிச்சிட்டு, ஏரியை உடைக்க ஏதோ கோஷ்டி கிளம்பியிருக்குன்னு நினைச்சுப் போலீஸுக்கு எழுதினேனே!”

“அதாங்களா! ரெண்டு கான்ஸ்டேபிளுங்க வந்து, வாரம் பூராவும் மதகையே மொறைச்சிப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தாங்க. இன்னாத்துக்குன்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல.”

டிப்டி கலெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. கைக்குட்டை நெடுநேரம் முகத்தின்மேலேயே இருந்தது. அதை எடுத்தபோது அதிகாரியாகவே இருந்தார். கூடாரத்தை உடனே தோப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம், “மீதி மனுக்களையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போக முடியுமா சார்? என் கண்ணு போயிண்டிருக்கு” என்றார். அப்பா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

கடைசியாக அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீ யார்?”

“இடம் பார்த்தவன், சார்.”

“இனிமே பார்க்காதே” என்றார்.

தோப்பை விட்டால் வேறு சமதரை ஏரிக்குள்தான் இருந்தது. வெள்ளரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தை மாற்றி அடித்தார்கள். ஏரிக்கரையில் தங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஏரியின் நட்டநடுவில் தங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்பா தினமும் காலையில் கோட்டும் தலைப்பாகையுமாகத் தோப்புக்கு ஆபீஸ் போவதுபோல் போய், சாயங்காலம் திரும்பினார். ஓய்வு பெற்றபின் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அம்மா வெள்ளரிப்பிஞ்சில் எத்தனை விதமாகச் சமைக்கலாமோ அத்தனை விதமாகவும் சமைத்தாள். நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வியர்த்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிற்பகல் கோடை மழை பிடித்துக்கொண்டது. நான் ஆசைப்பட்ட ஏரி எங்களைத் தேடிக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே வந்தது. கணுக்கால் தண்ணீரில் ஊறுகாய் ஜாடி மிதக்க, அம்மா அதைத் துரத்திக்கொண்டு போனாள். கமலா திரைக்குப் பின்னாலிருந்து, “குளிக்கிறதுக்கு மறைவா எடம் இருக்குமான்னு கேட்டேனே, கெடைச்சுடுத்து” என்றாள். அவள் சிரித்த சத்தத்தை அந்தப் பயணத்தில் நான் முதல் தடவையாகக் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில்லை. “சர்க்கார் உத்தரவு இருக்கு, மீறக்கூடாது” என்று கமலா சொல்லிவிடுவாள். பல வருஷங்கள் கழித்து அடையாறில் வீடு பார்க்கப் போனபோது தரகர், “சார் ஒண்ணுமே சொல்லலியே?” என்றார். “அவர் பார்க்கக்கூடாது” என்றாள் கமலா. பேரம் முடியும்வரை நான் தெருவில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வீடு. இன்றும் அதில்தான் இருக்கிறோம்.

ஆலங்கரணைக் கீழ் மதகு அந்த வருஷமே அடைபட்டது. அடுத்த சித்திரையில் ஏரியில் தண்ணீர் நின்றதாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சித்திரையில் ஒருநாள் பொழுது விடிகிறபோது மயிலாப்பூர் வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மணியக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் கைநிறைய மனுக்களோடு இறங்கினார்கள். அடுத்த வாரம் ஜமாபந்தியாம். பெரியவர் ஒரு பார்வை பார்த்துக் கொடுத்துவிட்டால் போதுமாம். கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு மூன்று நாள் தங்கினார்கள். அம்மா பெரிய அண்டாவை இறக்கினாள்.

அப்புறம் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அப்பா காலமான பிறகு நிற்கும் என்று நினைத்தேன். பெரியவர் பென்சில் இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கமலாவிடம் இருந்தது. இப்போது அவர்களுடைய பேரன்கள் அடையாறு வீட்டுக்கு வருகிறார்கள். மனுவுக்குப் பதில் காலேஜ் அப்ளிகேஷன் கொண்டுவருகிறார்கள். என்னிடம் யாரும் எதையும் காட்டுவதில்லை. காப்பி மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். “கேம்ப் கிளார்க் தாத்தா, இன்னொரு டம்ளர்” என்று அவர்களும் பழகிவிட்டார்கள்.

லீவுக்கு எங்கே போகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், கமலா வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்.

“நாங்க எங்கேயும் போறதில்லை. இவர் ஒரே ஒரு தடவை எடம் பார்த்துட்டு வந்தார். அதுலேர்ந்து அவாதான் வரா.”